கேட்டுச் சொல்றேன் அக்கா

மேனேஜரின் போன் இந்த முறையும் ஸ்விட்ச் ஆஃப்.

சூப்பர்வைசர் அக்கா பயத்தோடு கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு மணிக்கு லாரி வந்துவிடும். புது ஆஸ்பத்திரிக்கு மெத்தைகள் போயாக வேண்டும். போகாவிட்டால் அடுத்த ஆர்டர் வேறு கம்பெனிக்குத்தான். இந்த நேரம் பார்த்து, ஓரம் தைக்கிற மெஷின் படுத்துவிட்டது. பாதி மெத்தைகள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன.

"அக்கா, இப்ப என்ன பண்றது?" தையல்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"சார்கிட்ட கேட்டுச்..."

பாதியில் நிறுத்தினாள். எதற்கெடுத்தாலும் இதையே சொல்லி, ஃபேக்டரியில் அவளுக்குப் பெயரே 'கேட்டுச் சொல்றேன் அக்கா' என்று ஆகிவிட்டிருந்தது. இன்றைக்குக் கேட்கத்தான் ஆள் இல்லை.

"நட்டாற்றில விட்டுட்டுப் போயிட்டார் பாருங்க. லாரி போகட்டும், முதலாளிகிட்ட சொல்லி இந்த மனுஷனை வீட்டுக்கு அனுப்பறேனா இல்லையான்னு பாருங்க."

திட்டிய வேகத்தில் பயம் போய்விட்டது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"மெஷினை விடுங்க. கையால தைப்போம். மூலை மட்டும் தையல்காரங்க பார்த்துக்குங்க. நேர் ஓரம் மத்த எல்லாரும். வெட்டற வேலையை நிறுத்திட்டு இங்க வாங்கப்பா."

"நானுமா?" என்றார் அக்கவுண்டன்ட்.

"உங்களுக்கு ஊசியில நூல் கோக்கற வேலை."

அக்கவுண்டன்ட் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். ஜன்னல் பக்கத்துக்காரர்களுக்கும் கதவுப் பக்கத்துக்காரர்களுக்கும் தானாகவே போட்டி மூண்டது. ஊசி குத்தி ஒருத்தி அலற, சிரிப்பு கூரையைப் பிய்த்தது. அக்கா இங்கும் அங்கும் ஓடினாள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. சொல்லிக்கொண்டே போனாள்.

வெளியே லாரி ஹாரன் அடித்தது.

"டிரைவர் அண்ணா, ஹாரன் அடிக்கற கையால இந்த மெத்தையைக் கொஞ்சம் பிடிங்க."

அவரும் பிடித்தார்.

லாரி தெருமுனை திரும்பியதும் கைதட்டல் காதைப் பிளந்தது. அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. எல்லோரையும் அழைத்துக்கொண்டு எதிர் டீக்கடைக்குப் போனாள். முதலாளியின் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டாள்.

"வாங்க, உங்க எல்லாருக்கும் டீ சொல்லிட்டு மேனேஜர் இப்பதான் கிளம்பினார்" என்றார் டீக்கடைக்காரர்.

"அவர் எப்ப வந்தார்?"

"காலையில டீ குடிக்க வந்தவர். மெஷின் ரிப்பேர்னு வாட்ச்மேன் வந்து சொன்னதும் உங்க கேட் வரைக்கும் ஓடினார். என்ன நினைச்சாரோ, போனை ஆஃப் பண்ணிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்துட்டார். எனக்கே மனசு கேக்கல. 'உள்ள போங்க சார், பாவம் அந்தம்மா'ன்னேன்."

"என்ன சொன்னார்?"

"'அடுத்த மாசம் நான் ரிட்டயர் ஆகறேன். என் சீட்டுக்கு அந்தம்மாதான்னு சொன்னா முதலாளிகூட நம்பிடுவார். அவங்கதான் நம்ப மாட்டாங்க'ன்னார்."