நொட்டை மாஸ்டரின் கையெழுத்து

"வாயை மூடாதீங்கக்கா! என்ன தெரியுதுன்னு சொல்லிக்கிட்டே ஓட்டுங்க!"

பக்கத்து இருக்கையில் சாய்ந்திருந்த மாஸ்டர் அதட்டினார். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாற்பத்தைந்து வயதில் லாரி லைசென்ஸ் எடுத்து, அனுபவமில்லாதவர்களுக்கும் பயிற்சி கொடுக்கிறார்களே என்று இந்தக் கம்பெனிக்கு வந்தவள். அவளைவிட ஏழெட்டு வயது சின்னவர், இரண்டு மாதமாக இப்படித்தான் உருட்டி மிரட்டுகிறார்.

"முன்னாடி வெள்ளை வேன், பிரேக் போடுறான். வலது பக்கம் பைக், ரெண்டு பேர். சிக்னல் பச்சை. பள்ளிக்கூடப் பிள்ளைங்க நாலு பேர் ஓரமா நிக்கிறாங்க."

"சைக்கிளை விட்டுட்டீங்க. மணி அடிச்சுக்கிட்டே போனானே?"

"அது சந்துக்குள்ள திரும்பிடுச்சு சார்."

"திரும்பினாலும் சொல்லணும்."

இதுதான் அவர் பாடம். கண்ணில் படுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்ட வேண்டும். மற்ற மாஸ்டர்கள் முதல் வாரத்தோடு இதை விட்டுவிடுவார்கள். இவரிடம் அந்தச் சலுகையே கிடையாது. தொண்டை வறண்டு குரல் கட்டிப்போனாலும் சொல்லியாக வேண்டும். ஒன்று விட்டுப்போனால் போதும், நொட்டை சொல்லக் கிளம்பிவிடுவார். டிரைவர்கள் நடுவில் அவருக்கு நொட்டை மாஸ்டர் என்றே பெயர்.

பயிற்சி என்னவோ முப்பது நாள்தான். முப்பதாம் நாள், "அந்தம்மா இன்னும் தேறலை" என்று ஆபீஸுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். நாற்பத்தைந்தாம் நாளும் அதே பல்லவி. இன்றைக்கு அறுபது. அவளோடு சேர்ந்தவர்கள் எல்லாம் தனி வண்டி ஓட்டப் போய்விட்டார்கள்.

மாஸ்டர் ஒரு கையெழுத்துப் போட்டால் அவளுக்கும் தனி வண்டி. ஊருக்குள் ஓடும் வண்டி, விடியற்காலையில் எடுத்தால் மதியத்துக்குள் வீடு. இந்தப் பயிற்சி வண்டியோ வாரத்துக்கு ஒருமுறைதான் ஊர் திரும்புகிறது. வீட்டில் கணவர் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். மகள் கல்லூரிக்குப் போகாமல் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

குடோன் வந்தது. லாரியைப் பின்னுக்கு எடுத்து, சரக்கு ஏற்றும் மேடையோடு ஒட்டி நிறுத்த வேண்டும்.

"சார், கொஞ்சம் இறங்கிப் பின்னாடி நின்னு கை காட்டறீங்களா?"

"நாளைக்குத் தனியாப் போனா எவன் வந்து கை காட்டுவான்? நீங்களே இறங்கிப் பாருங்க. பாத்துட்டு வந்து எத்தனை அடி இருக்குன்னு சொல்லுங்க."

நாலு தடவை இறங்கி ஏறினாள். முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. மகாராஜா இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. ஆனாலும் லாரி கோணாமல் போய் மேடையை மெல்லத் தொட்டு நின்றது.

"பரவாயில்லை. அப்படியே ஒரு டீ வாங்கிட்டு வந்துடுங்க."

டீக்கடையில் இன்னொரு டிரைவர் அவளைப் பார்த்துவிட்டான்.

"என்னக்கா, எடுபிடி வேலையும் டிரெயினிங்ல சேர்த்தியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளுக்கு அவமானத்தில் முகம் சுருங்கிப்போயிற்று. அந்த நேரம் பார்த்து மகள் போனில் வந்தாள்.

"அம்மா, திங்கட்கிழமைக்குள்ள வரலைன்னா பேரை எடுத்துடுவாங்களாம். மதியத்துக்கு மேலதானே கிளாஸ், நீ வந்துட்டா நான் போயிடுவேன். அப்பாவைத் தனியா விட்டுட்டு எப்படிம்மா போறது?"

"இன்னைக்கு முடிச்சிட்டு வர்றேன்டி. அழாதே."

சொல்லிவிட்டாளே தவிர, அழுதது அவள்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டு லாரியில் ஏறினாள். டீயை மாஸ்டர் கையில் திணித்தாள். பயிற்சித் தாளை அவர் மடியில் வைத்தாள்.

"சார், எனக்கு இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும். இந்த அறுபது நாள்ல வண்டியில ஒரு கீறல் விழுந்திருக்கா? எங்கிட்ட என்ன குறை? சொல்லுங்க!"

மாஸ்டர் டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"கையெழுத்துப் போடலைன்னா நான் இப்படியே பஸ் ஏறிப் போயிடுவேன். என் பொண்ணு படிப்பு மண்ணாப் போகுது சார். உங்களுக்கெல்லாம் புள்ளைகுட்டி கிடையாதா?"

"ரெண்டு பொண்ணுங்க" என்றார் மெதுவாக. "சின்னவ ரெண்டாவது படிக்கிறா."

"அப்புறமும் உங்களுக்கு மனசு இரங்கலையே!"

டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. அவர் குடிக்கவில்லை.

"உங்ககிட்ட ஒரு குறையும் இல்லைக்கா. முப்பதாவது நாளே நீங்க தேறிட்டீங்க. ஆபீஸ்ல நான் சொன்னது பொய்."

"பாவி! அப்புறம் எதுக்குய்யா என்னைப் பிடிச்சு வெச்சிருந்தே?"

மரியாதை பறந்ததை அவர் கண்டுகொள்ளவில்லை.

"உங்களை மாதிரி ஒண்ணு விடாம சொல்றவங்க இதுவரைக்கும் எனக்கு அமையல. அதான் விட மனசு வரலை. தப்புதான். மன்னிச்சிடுங்க."

என்ன உளறுகிறார் என்று அவளுக்குப் புரியவில்லை. மனம் மாறுவதற்குள் காரியத்தை முடித்துவிட வேண்டும் என்று பேனாவை அவசரமாக அவர் கையில் கொடுத்தாள்.

"ஆபீஸ்ல மட்டும் சொல்லிடாதீங்கக்கா" என்று கெஞ்சினார் மாஸ்டர். "கையெழுத்துப் போடற கோடு எங்க இருக்கு? என் விரலைப் பிடிச்சு அது மேல வைங்க."