ஜன்னலில் புளிச்சக்கீரை

ஒரு ஊரிலே ஒரு புருஷனும் பொண்டாட்டியும் இருந்தார்கள். ஊர் டோஸ்ட்ருப், கடல் கடந்த ஒரு குளிர் தேசத்தில். வீடு இரண்டாவது மாடி. புருஷன் வெங்கட், பொண்டாட்டி லக்ஷ்மி. அவர்களுக்குள் சண்டை வந்தது ஒரு கீரையால்.

"இதை யாரு ஜன்னல்ல வச்சது?"

ஆபீஸ் வேலையாக ஹேர்னிங் போய்த் தங்கியிருந்த வெங்கட், அன்றுதான் திரும்பியிருந்தான். பையைக்கூடக் கழற்றவில்லை. முற்றத்தைப் பார்த்த ஜன்னலை அடைத்துக்கொண்டு மூன்று தொட்டிகள். ஆளுயரத்துக்குப் புளிச்சக்கீரை. விரல் விரித்த மாதிரி இலை.

"நான்தான்," என்றாள் லக்ஷ்மி.

"கீழ நோட்டீஸ் ஒட்டியிருக்கு, படிச்சியா? ரெண்டாவது மாடி ஜன்னல்ல கஞ்சாச் செடி தெரியுதுன்னு யாரோ புகார் குடுத்திருக்காங்க. இன்னைக்கு வந்து பாக்கப் போறாங்களாம்."

"படிச்சேன்."

"படிச்சுமா? இந்த இலையைப் பாத்தா எவனும் கஞ்சான்னுதான் சொல்லுவான். பர்மனென்ட் ரெசிடென்ஸுக்கு அப்ளை பண்ணியிருக்கோம். போலீஸ், கேஸுன்னு ஒண்ணு வந்தா மூட்டை கட்ட வேண்டியதுதான். உள்ள எடுத்து வை."

"கொஞ்சம் வெயில் படட்டுமே."

"பிப்ரவரியில இந்த ஊர்ல ஏதுடி வெயில்?"

வெங்கட் பக்கத்து வீட்டுச் சுவரைக் காட்டினான்.

"அந்த இங்கர் கிழவிதான் போட்டுக் குடுத்திருக்கும். நாம தாளிச்சா ஜன்னலைச் சாத்துது. கதவுகூட ஒரு கை அகலத்துக்கு மேல திறக்காது. நாம இங்க இருக்கிறதே அதுக்குப் பிடிக்கல."

மணி அடித்தது. கட்டடத்தைப் பராமரிக்கும் ஹென்ரிக். உள்ளே வந்தவர் நேராக ஜன்னலுக்குப் போய், செடியை மேலும் கீழும் பார்த்தார்.

லக்ஷ்மி ஓர் இலையைக் கிள்ளித் தன் வாயில் போட்டுக்கொண்டு, இன்னொன்றை அவரிடம் நீட்டினாள்.

"மென்னு பாருங்க."

ஹென்ரிக் தயங்கி மென்றார். முகம் சுருங்கியது.

"புளிக்குது."

"எங்க ஊர்க் கீரை. துவையல் அரைப்போம்." கறுப்பு ரொட்டியில் துவையலைத் தடவிக் கொடுத்தாள். ஒரு கடி கடித்தவர் இருமி, சிரித்து, மறுபடியும் கடித்தார்.

தப்பித்தோம் என்றதும் வெங்கட்டுக்குத் தைரியம் வந்துவிட்டது.

"எதுக்கும் பக்கத்து வீட்டையும் ஒரு தடவை பாத்துடுங்களேன். அவங்க ஜன்னலும் இதே பக்கம்தான்."

லக்ஷ்மியின் கை ரொட்டி மேல் அப்படியே நின்றது.

"இங்கரோட வீட்டுக்காரர் இப்பதான் கண்ணசந்திருக்கார். உடம்புக்கு முடியாதவர். எழுப்ப வேண்டாமே. இன்னொரு துண்டு எடுத்துக்குங்க."

"வேண்டாம், வேண்டாம். எந்தச் செடின்னு தெரிஞ்சு போச்சே. கீரைன்னு சொல்லிடறேன்," என்று ஹென்ரிக் வாயைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார்.

கதவைச் சாத்திவிட்டு வெங்கட் சோபாவில் விழுந்தான்.

"கிழவிக்கு நல்லா மூக்கு உடைஞ்சுது."

லக்ஷ்மி கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு நைலான் வலையை இழுத்தாள். பட்டாணிக்கொடி படரவிடும் வலை.

"இது எதுக்கு?"

"செடி ரொம்ப உயரமாப் போச்சு. இடுப்பளவுல வலையைக் கட்டி, தண்டை வளைச்சு அதுக்குள்ள படுக்க வச்சா மேல போகாது. எல்லாக் கிளைக்கும் வெளிச்சமும் கிடைக்கும்."

"இவ்வளவு பாடு எதுக்கு? தலையை வெட்டிவிடு."

"வெட்டினா பூ தள்ளிப் போகும்."

"கீரைக்கு எதுக்குப் பூ?"

லக்ஷ்மி வலையைச் சுருட்டுவதை நிறுத்தினாள்.

"கீரைக்கு இல்லங்க."

வெங்கட் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"நோட்டீஸ் ஒட்டின அன்னைக்கு நம்ம தொட்டி மூணும் சமையலறையில இருந்துச்சு. அதைப் படிச்சப்புறம்தான் ஜன்னலுக்குக் கொண்டு வந்தேன். புகார் குடுத்தவங்க பாத்தது நம்ம செடியை இல்ல."

வெங்கட் சுவரைப் பார்த்தான்.

"இங்கர் வீட்டுக்காரருக்கு எலும்புல புற்று. மாத்திரை எதுவும் வயித்துல நிக்கல. அந்தக் கஞ்சாப் பூவை வச்சு அவங்க ஏதோ காய்ச்சிக் குடுத்தாத்தான் தூங்குறாராம். அவங்க செடி ஜன்னல் திரைக்கு மேல வளந்து எட்டிப் பாக்குது. வெட்டிட்டுத் திரும்பப் பூக்கிற வரைக்கும் அவர் இருக்க மாட்டார்."

வெங்கட் எழுந்து ஜன்னலுக்குப் போனான். கதவைக் கை அகலத்துக்கு மேல் திறக்காத அந்த அம்மாவை நினைத்தானோ, ஹென்ரிக்கிடம் தான் சொன்னதை நினைத்தானோ, தெரியாது.

லக்ஷ்மி செருப்பை மாட்டினாள்.

"வந்து தொட்டியை உள்ள எடுத்து வச்சுடறேங்க. பயப்படாதீங்க."

"வேண்டாம்," என்றான் வெங்கட். "கீரை ஜன்னல்லயே இருக்கட்டும்."

அவள் அவனை ஒரு தடவை பார்த்தாள். வலையை அக்குளில் இடுக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு நடந்தாள்.