ராட்சதப் பல்லி வந்த வெள்ளிக்கிழமை

ஒரு தியேட்டரில், திரைக்குப் பின்னால் ஒரு பல்லி விளக்குமாற்றுக்குப் பயந்தே வாழ்ந்துவந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, ஊரையே மிதித்து நசுக்கும் ராட்சதப் பல்லியின் படம் அங்கே வெளியானது. வாசலில் அதன் கட்-அவுட்டுக்கு மாலை போட்டுப் பால் ஊற்றினார்கள்.

"பாத்தியா தம்பி, இனி நான் ஒளிய வேண்டியதில்ல" என்றது பல்லி.

நாற்காலிக்கடியில் பாப்கார்ன் தின்றுகொண்டிருந்த எலி, "அவசரப்படாதண்ணே. அது அம்பது மாடி உயரம்" என்றது.

பல்லி கேட்கவில்லை. படம் முடிந்ததும் வாசல் படியில் போய் நின்றது. அங்கே ஒரு விமர்சகர் செல்போனைப் பார்த்து, "பிரம்மாண்டம் இருக்கு, உயிர்தான் இல்ல" என்று பேசிக்கொண்டிருந்தார். வெளியே வந்த ஒருவர், "சீ, பல்லி" என்று செருப்பைக் கழற்றி அடித்தார். பல்லி வாலை விட்டுவிட்டுச் சுவர் இடுக்குக்குள் பாய்ந்தது.

வால் படியில் கிடந்து துடித்தது. கூட்டம் அதைச் சூழ்ந்து நின்றது. விமர்சகரும் செல்போனை அதன் பக்கம் திருப்பினார்.

பின்னாலேயே ஓடிவந்த எலி, "அண்ணே, எல்லாரும் உன்னத்தான் பாக்குறாங்க" என்றது ஆறுதலாக.

பல்லி இடுக்கிலிருந்து எட்டிப் பார்த்தது.

"துடிக்கிற வரைக்கும் பாப்பாங்க, தம்பி."