மாப்பிள்ளை தேர்ந்தெடுத்த ஆஸ்பத்திரி

மாமனாருக்கு இடுப்பில் ஆபரேஷன் என்று முடிவான நாளிலிருந்து மாப்பிள்ளைக்குத் தூக்கம் போய்விட்டது.

ஊரில் பெரிய ஆஸ்பத்திரிகள் மூன்று. மூன்றிலும் ஏறி இறங்கினார். ரூம் வாடகை என்ன, ஏ.சி. உண்டா, துணைக்கு ஒருத்தர் படுக்க இடமிருக்குமா என்றெல்லாம் அவர் விசாரிக்கவில்லை. எங்கே போனாலும் ஒரே கேள்விதான்.

"இங்கே ஆபரேஷனுக்கு வர்றவங்கள்ல எத்தனை பேருக்கு இங்கேயே கிருமி தொத்துது?"

முதல் ஆஸ்பத்திரியின் வரவேற்பில் இருந்த பெண், "மருந்துக் கடை அந்தப் பக்கம் சார்" என்றாள். அவர் விடாமல் மறுபடியும் கேட்டதும் மேனேஜரைக் கூப்பிட்டாள். மேனேஜர் காவலாளியைக் கூப்பிட்டார்.

"நோயாளிக்குத் தெரிஞ்சுக்கிற உரிமை இருக்குய்யா! மறைக்கிறது குற்றம்!"

மாப்பிள்ளை போட்ட சத்தத்தில் காத்திருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். கையில் கட்டுப் போட்டிருந்த ஒருவர், கைதட்ட முடியாத குறைக்கு, "சபாஷ்!" என்று கத்தினார். காவலாளி மாப்பிள்ளையின் தோளில் கைபோட்டு, மரியாதையாகவே வாசலில் கொண்டுவந்து விட்டான்.

இரண்டாவது ஆஸ்பத்திரியில் உபசாரம் பலமாக இருந்தது. குளுகுளு அறை, மெத்தென்ற சோபா, குடிக்க ஜூஸ். மேனேஜர் வாயெல்லாம் பல்லாகச் சொன்னார்.

"எங்க ஆஸ்பத்திரி சரித்திரத்துலயே ஒருத்தருக்குக்கூடக் கிருமி தொத்தினதில்லை சார். பூஜ்யம்!"

"நிச்சயமாவா?"

"கண்ணை மூடிக்கிட்டுச் சேருங்க. மாமனாரை முழுசாத் திருப்பித் தர்றது என் பொறுப்பு."

மாப்பிள்ளையின் முகம் வாடிவிட்டது. ஜூஸைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துகொண்டார்.

மூன்றாவது ஆஸ்பத்திரி பழைய கட்டிடம். வாசலிலேயே பெரிய பலகை ஒன்று மாட்டியிருந்தார்கள். 'சென்ற ஆண்டு இங்கே அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு ஒன்பது பேருக்கு இங்கேயே நோய்த்தொற்று ஏற்பட்டது. மேலும் விவரம் வேண்டுவோர் கேட்கலாம்.' அதைப் படித்த ஒரு குடும்பம் வந்த காரிலேயே திரும்பிப் போனது. மாப்பிள்ளை மட்டும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தார்.

"நூத்துக்கு ஒன்பதுங்கிறது நிஜமா டாக்டர்?"

"போன மாசம் பத்தாயிடுச்சு" என்றார் டாக்டரம்மா, ஒளிவுமறைவில்லாமல்.

"பெட் காலியா இருக்கா?"

விஷயம் தெரிந்ததும் மனைவி தாம்தூம் என்று குதித்தாள்.

"உங்களுக்கு மூளை குழம்பிப் போச்சா? பூஜ்யம்னு சொல்ற இடத்தை விட்டுட்டு ஒன்பது, பத்துங்கிற இடத்துலயா எங்கப்பாவைக் கொண்டுபோய்ப் போடுவீங்க?"

"இருக்கிறதை இருக்கிறபடி சொல்றாங்களேம்மா! இந்தக் காலத்துல யார் சொல்றா? நேர்மைக்கு ஒரு மரியாதை வேண்டாமா?"

அவள் குரல் இறங்கிவிட்டது. "நடக்க ஆரம்பிச்சதும் முதல் வேலையா இந்த வீட்டை நாய்கள் காப்பகத்துக்கு எழுதி வைக்கப் போறேன்னு அவர் ஒத்தைக் கால்ல நிக்கிறார். அதை மனசுல வச்சுக்காம அவருக்காக இப்படி நாயா அலையறீங்களே!"

"அவர் வீடு, அவர் இஷ்டம்" என்றார் மாப்பிள்ளை பெருந்தன்மையாக.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் டாக்டரம்மா அவரைத் தனியே அழைத்தார்.

"உங்ககிட்ட மறைக்க விரும்பலை. மாமாவுக்குக் காயத்துல கிருமி தொத்தியிருக்கு. லேசுல அடங்காத கிருமி. இங்கேதான் தொத்தியிருக்கணும். இதைத் தெரிஞ்சுக்க உங்களுக்கு உரிமை இருக்கு."

மாப்பிள்ளை டாக்டரம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டார். வீட்டுக்கு வந்ததும் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் போன் போட்டு, மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளச் சொன்னார். வெளியூரில் இருப்பவர்கள் உடனே கிளம்பிவிடுவது நல்லது என்றும் சொல்லிவைத்தார்.

அவர்கள் வந்து, பார்த்து, சலித்துப்போய்த் திரும்பியும் விட்டார்கள்.

மறுவாரம் மாப்பிள்ளை மனைவியோடு வார்டுக்குள் நுழைந்தபோது, மாமனார் நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு எதிரே நடந்து வந்துகொண்டிருந்தார். பின்னால் வந்த நர்ஸை, "என்னம்மா ஊர்ந்து வர்றே?" என்று கடிந்துகொண்டும் இருந்தார்.

"வாங்க மாப்பிள்ளை! நாளைக்கு வீட்டுக்கு அனுப்பறாங்களாம். போற வழியிலேயே பத்திர ஆபீஸ்ல ஒரு நிமிஷம் இறங்கிட்டுப் போயிடலாம்."

மாப்பிள்ளை பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"சந்தோஷத்துல அவருக்கு நிக்கக்கூட முடியலை டாக்டர்" என்று அங்கே வந்த டாக்டரம்மாவிடம் சொல்லி மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

டாக்டரம்மாவுக்கும் மனது இளகிவிட்டது. மாப்பிள்ளையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எங்க பலகையைப் பார்த்து ஓடிப்போறவங்கதான் அதிகம். நாங்க ஒவ்வொரு காயத்தையும் தினமும் பார்க்கிறோம், சந்தேகம்னா அன்னிக்கே பரிசோதனைக்கு அனுப்பறோம். தேடறதாலதான் இத்தனை கண்ணுல படுது. ஆரம்பத்துலயே பட்டுடறதால எல்லாரையும் காப்பாத்திடறோம். பூஜ்யம்னு சொல்ற ஆஸ்பத்திரியில தேடறதே இல்லை சார். அங்கே சேர்த்திருந்தீங்கன்னா இந்நேரம் உங்க மாமா உயிரோட இருந்திருக்க மாட்டார். இதைப் புரிஞ்சுக்கிட்டு இங்கே வந்த முதல் ஆள் நீங்கதான்!"

'கிழவரின் கதையை முடிக்கத் தோதான ஆஸ்பத்திரியை, அந்தப் பாழாய்ப்போன பூஜ்யத்தை நம்பிக் கைநழுவ விட்டுவிட்டோமே!' என்று மாப்பிள்ளை முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மி விம்மி அழுதார்.