நறுமுகையின் பொருள்

பள்ளியிலிருந்து வந்த சுற்றறிக்கையில் இரண்டு விதிகளைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். பிள்ளைகளின் எல்லாப் பொருட்களிலும் பேசும் பெயர் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். தொலைந்தால் அது குரல் கொடுக்கும், காவலாளி எடுத்துவந்து வகுப்பில் ஒப்படைப்பார். முதல் நாளில் பெற்றோர் கேட்டைத் தாண்டக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க முத்தரசனும் மகள் நறுமுகையும் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். டிபன் பாக்ஸ், ரப்பர், சாக்ஸைக்கூட விடவில்லை. கடைசியில் ஒரு ஸ்டிக்கரை மட்டும் காணவில்லை.

"சோபாவுக்கு அடியில விழுந்திருக்கும்ப்பா" என்றாள்.

மறுநாள் கேட்டில் அவள் அழவேயில்லை. சமர்த்தாக டாட்டா காட்டிவிட்டு உள்ளே போனாள். முத்தரசன்தான் அவள் தலை மறையும்வரை கேட்டிலேயே நின்றார். பைக்கை நோக்கி இருபது அடி நடந்திருப்பார். அவருடைய சட்டைக் காலருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கிளம்பியது.

"நான் ஒன்றாம் வகுப்பு நறுமுகையின் பொருள். தொலைந்துவிட்டேன். என்னை அவளிடம் சேர்த்துவிடுங்கள்!"

காவலாளி பாக்கியம் அக்கா ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, நான் ஆபீஸ் போகணும்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது சார். பேர் ஒட்டியிருந்தா வகுப்புல ஒப்படைக்கணும். உள்ள நடங்க."

வகுப்பு ஆசிரியை அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நறுமுகை, இது உன்னோடதா?"

"ஆமா மிஸ், என்னோட அப்பா" என்ற நறுமுகை, பெஞ்சில் நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள்.