பழைய மெஷினை விற்றவர்

போன வாரம் புதிதாக வாங்கிய மரம் அறுக்கும் மெஷினைக் கடை மேசைமேல் தொப்பென்று வைத்தார் சவடால் மாமா.

“இதெல்லாம் ஒரு மெஷினா? நேத்து நானே செயினைக் கழட்டிப் பளபளன்னு துடைச்சு மாட்டினேன். வெறும் புகைதான் வருது! வாசலை அடைச்சு மரம் கிடக்கு, என் பொண்டாட்டி சுவரேறிக் குதிக்கிறா.”

கடைக்காரர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மூலையில் இருந்த பழைய பெரிய மெஷினைக் காட்டினார். “மரம் வெட்டுறதையே தொழிலா வச்சிருக்கிறவங்க வாங்குற ரகம். வாழைத்தண்டு மாதிரி அறுக்கும்.”

மாமா இளக்காரமாகச் சிரித்தார். “அப்புறம் எந்த மடையன் இதை வித்தான்?”

“அவரும் புகைதான் வருதுன்னு அடிமாட்டு விலைக்குத் தள்ளிட்டுப் போனார் சார். பல்லு பின்னால பாக்குற மாதிரி செயினை மாட்டியிருந்தார். நான் திருப்பி மாட்டினேன், அவ்வளவுதான்.”

கடைக்காரர் ஸ்பானரை எடுத்தார்.

“உங்களதையும் திருப்பிடட்டுமா?”