வாசிக்க மட்டும்

கடைக்காரப் பெண் இரண்டையும் கண்ணாடி அலமாரியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள்.

ஒன்று டேப்லெட். படம் பார்க்கலாம், ஹெல்சிங்கியில் இருக்கும் மகளோடு முகம் பார்த்துப் பேசலாம், கண் வலித்தால் புத்தகத்தை அதுவே வாசித்தும் காட்டும். இன்னொன்றில் வாசிக்க மட்டும்தான் முடியும். காகிதம் மாதிரி திரை, கண் கூசாது, எழுத்தை வேண்டிய மட்டும் பெரிதாக்கிக்கொள்ளலாம். சொல்லிவிட்டு எதற்கோ வயர் எடுக்க உள்ளே போனாள்.

கெர்ட்டுவுக்கு டேப்லெட்மேல்தான் ஆசை. கணவர் ஆர்வோவின் பார்வை ஒரு வருடமாக மங்கிக்கொண்டே வருகிறது. அது வாசிக்கட்டும், இவர் கேட்டுக்கொண்டு கிடக்கட்டும் என்று நினைத்தாள்.

ஆர்வோ பிடித்த பிடியை விடுகிற ஆளா? நாற்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவர். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருந்தால் போதும், மற்றபடி என் கண்ணுக்கு ஒரு கேடும் இல்லை என்று சாதித்தார். தினமும் காப்பியோடு உட்கார்ந்து அவளுக்குப் பேப்பர் வாசித்துக் காட்டுகிறவரும் அவர்தானே.

"எனக்குக் கதை சொல்ல ஒரு பெட்டி வேண்டாம். நானே வாசிப்பேன், பாக்குறியா?"

காகிதத் திரையை எடுத்துத் தள்ளிப் பிடித்தார். கடையில் நின்ற நாலு பேர் திரும்பிப் பார்க்க, கணீரென்று வாசித்தார். ஏரியில் பனி இன்னும் கெட்டிப்படவில்லை. மீன் பிடிக்கப் போகிறவர்கள் கரையை விட்டுத் தள்ளிப் போக வேண்டாம். மதியத்துக்குமேல் பனி கொட்டும்.

ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. கெர்ட்டுவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அப்புறம்தான் உறைத்தது. காலை ஆறு மணிக்கு, அவள் ரொட்டி நறுக்கிக்கொண்டிருந்தபோது, ரேடியோவில் இதே வரிகள் இதே வரிசையில் வந்தன.

எட்டிப் பார்த்தாள். திரையில் ஒரு எழுத்துகூட இல்லை. காலி பேட்டரியின் படம் மட்டும் இருந்தது.

அப்படியானால் தினமும் வாசித்த பேப்பரும் ரேடியோவில் கேட்டதுதானா. அட பாவி மனுஷா என்று அவள் மனசு அடித்துக்கொண்டது.

சார்ஜ் வயரோடு திரும்பி வந்த பெண் வாயைத் திறக்கப் போனாள். கெர்ட்டு அவள் கையை அழுத்தினாள்.

"நல்லாத் தெரியுதா, ஆர்வோ?"

"அச்சுல பாக்குற மாதிரி இருக்கு."

"அப்போ இதையே எடுத்துக்குவோம்."

பையை அவரே வாங்கிக்கொண்டார். முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது.

வெளியே மணி மூன்றுதான், அதற்குள் இருட்டிவிட்டது. பனி கொட்டத் தொடங்கியிருந்தது. வழுக்கும் என்று சொல்லி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டே காருக்கு நடந்தார். வீட்டுக்கு அறுபது கிலோமீட்டர் இருக்கிறது. கெர்ட்டு ஒருநாளும் ஸ்டீயரிங்கைத் தொட்டதில்லை.

ஆர்வோ கோட்டுப் பையைத் துழாவிச் சாவியை எடுத்தார்.

"ஏறு. வரும்போது படிச்ச மாதிரியே ரோட்டு போர்டெல்லாம் படிச்சுக்கிட்டே வா. எனக்கும் பொழுது போகும்."

கெர்ட்டு ஏறி உட்கார்ந்தாள்.